ஆறு மீட்டர் மண் அணை: சோதனையும் பழுதுபார்ப்பும்

பண்ணைக்குள் இருக்கும் பழைய பாசன அணைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரைபடமே இருக்காது. எந்த மண்ணைப் போட்டார்கள், குழாயைச் சுற்றி அதை எப்படி இடித்து இறுக்கினார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. நாங்கள் சீர்செய்த அணையும் அப்படித்தான். நடுவில் 6 மீட்டர் உயரமுள்ள களிமண் கரை, அடியில் 300 மி.மீ. இரும்புக் குழாய், ஓரத்தில் மிகுநீர் வழிந்தோட 10 மீட்டர் அகல மண் கலிங்கு, வெளிச்சரிவு முழுக்கப் புதர்.

இந்த அளவு அணையைப் பலர் குட்டை போலத்தான் நினைக்கிறார்கள். கென்யாவின் சோலாயில் 2018 மே 9 இரவு உடைந்ததும் தனியார் பண்ணை அணைதான். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே கரையைப் பார்க்கும் முன் கரைக்குக் கீழே போக வேண்டும். உடைந்தால் தண்ணீர் போகும் வழியே நடந்து, வீடு, தொழுவம், சாலை, பாலம் எவையெல்லாம் தாழ்வில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் ஒரு வீடு இருந்தாலும் மண் அணை தெரிந்த பொறியாளரை அழைக்காமல் பெரிய வேலை எதிலும் கை வைக்கக் கூடாது.

சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டும். கசிவு தெரிய அணை நிறைந்திருக்க வேண்டும். உட்சரிவும் குழாய் வாயும் தெரிய நீர் இறங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் முன்பாகப் புதரை வெட்டியாக வேண்டும். புதருக்கு மேல் நின்று பார்ப்பதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

கரையின் மேல்மட்டத்தை லெவல் டியூபை (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாய்) வைத்து 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து அளந்தோம். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த கரை நடுவில் 25 செ.மீ. தாழ்ந்திருந்தது. உயரமான இடத்தில் மண் அதிகம் என்பதால் அங்கேதான் அதிகம் அமிழும்; வண்டித் தடமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளம் முதலில் ஏறி வழிவதும் அங்கேதான். களிமண் கரை மேல் வழிவதைத் தாங்காது. தாழ்ந்த இடத்தின் மேல்புல்லைச் சீவி, பரப்பைக் கொத்திவிட்டு, அதே வகைக் களிமண்ணை ஈரப்பதத்தோடு 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இடித்தோம். கொத்தாமல் போட்டால் பழைய மண்ணுக்கும் புதிய மண்ணுக்கும் நடுவே நீர் ஓட வழி உண்டாகிவிடும்.

அதிக நேரம் எடுத்தது கலிங்குதான். எடுக்கவும் வேண்டும். தோராயக் கணக்கு எளிது: அகலத்தை மீட்டரில் எடுத்து, ஓடும் ஆழத்தின் 1.5 அடுக்கால் (ஆழத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணால்) பெருக்கி, மீண்டும் 1.7-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 மீட்டர் அகலத்தில் அரை மீட்டர் ஆழம் ஓடினால் 6 கன மீட்டர். இனி வரத்தைப் பாருங்கள். நீர்ப்பிடிப்பு 1 சதுர கிலோமீட்டர், மணிக்கு 50 மி.மீ. மழை, அதில் பாதி ஓடிவருகிறது என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7 கன மீட்டர். சுமாரான கனமழைக்கே பழைய கலிங்கு போதவில்லை.

இதற்கு மேல் ஒரு கெட்ட பழக்கம்: கூடுதலாகக் கொஞ்சம் நீர் தேக்கலாம் என்று கலிங்கின் வாயில் மணல் மூட்டை அடுக்குவது. அரை மீட்டரில் 30 செ.மீ. மூட்டை வைத்தால் மீதி 20 செ.மீ.; அதில் போவது 1.5 கன மீட்டர் மட்டுமே. ஆழத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் குறைத்தோம் என்று தோன்றும், கலிங்கின் திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். மீன் தப்பாமலிருக்கக் கட்டும் வலையும் குப்பை சேர்ந்ததும் இதே வேலையைச் செய்யும். மூட்டையையும் வலையையும் எடுத்துவிட்டு, கலிங்கை 20 மீட்டராக அகலப்படுத்தினோம். அரை மீட்டர் வெள்ள ஆழத்துக்கு மேலே கரை இன்னும் அரை மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். கலிங்கில் இறங்கும் நீர் கரையின் அடியைத் தொடாமல் விலகிப் போகவும் வேண்டும். தரை அரித்துப் பின்னோக்கி வராமலிருக்க, வாயில் குறுக்காக ஒரு கான்கிரீட் சுவரை மண்ணுக்குள் இறக்கினோம்.

அடுத்தது கசிவு. எல்லா மண் அணையும் கொஞ்சம் கசியும், அதில் பயமில்லை. எவ்வளவு, எந்த நிறத்தில், எந்த நீர்மட்டத்தில் என்பதே கேள்வி. கோடையில் வெளிச்சரிவில் ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே தோண்டிப் பாருங்கள். கசிவை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, 90 பாகை முக்கோண வெட்டுள்ள தகட்டைக் குறுக்கே நட்டால் அளவு தெரியும். தகட்டுக்குச் சற்று முன்னால் நீர் வெட்டின் அடிமுனைக்கு மேல் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு 0.8 லிட்டர், 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். அன்றைய அணை நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்த எண்ணால் பயனில்லை. அதே நீர்மட்டத்தில் கசிவு கூடினால் உள்ளே ஏதோ மாறுகிறது என்று அர்த்தம்.

கசிவு நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஓர் இரவு வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளிருந்து அரிக்கிறது. அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள். நண்பகலுக்குள் அணை இல்லை. அது மிகப் பெரிய அணை, ஆனால் மண் அரிக்கும் விதம் ஒன்றுதான்.

ஈரமான இடத்தின் மேல் களிமண் அப்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது கூடவே கூடாது. வாயை அடைத்தால் நீர் உள்ளே தேங்கி அழுத்தம் ஏறும், சரிவு வழுக்கும் அல்லது வேறிடத்தில் பீறிடும். மண்ணைப் பிடித்து நீரை விட வேண்டும்: முதலில் 30 செ.மீ. சுத்தமான கான்கிரீட் மணல், மேலே சரளை, அதற்கும் மேலே பாரத்துக்குக் கல். மணலில் தூசி 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கழுவாத மணல் தானே அடைத்துக்கொள்ளும். கரையடியில் கொப்பளிக்கும் ஊற்றைக் கண்டால் சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி, மண் வராமல் தெளிந்த நீர் மட்டும் வரும் அளவுக்கு உள்ளே நீரை உயர்த்தினால் போதும். முழுதாக அடைக்க வேண்டாம்.

சிறிய அணைகளில் அதிகம் கெடுவது குழாய். அதைச் சுற்றிய மண்ணை எந்திரத்தால் இடிக்க முடியாது. கையால் சரியாக இடிக்காத இடுக்கு வழியே நீர் ஓடும். இரும்புக் குழாயின் அடிப்பக்கம் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். வால்வு வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், ஓட்டையிலிருந்து நீர் நேரே கரைக்குள் பாயும். எங்கள் அணையில் அதுதான் நிலைமை. கேமரா விட்டுப் பார்த்தோம். பெரிய குழாயானாலும் ஆள் நுழையக் கூடாது. உள்ளே போதிய பிராணவாயு இல்லாமல் போகலாம். பழைய குழாய்க்குள் சற்றுச் சிறிய எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாயைச் செருகி, இடைவெளியில் சிமென்ட் பால் ஏற்றி, நீர்ப்பக்கத்தில் கதவு வைத்தோம். வெளி முனைக்கு அருகே குழாயைச் சுற்றி 90 செ.மீ. தடிமனில் மணல் வடிகட்டி. அது நாலா பக்கமும் குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு தூரத்துக்காவது நீண்டிருக்க வேண்டும். பழைய முறைப்படி குழாயில் கான்கிரீட் வளையம் மாட்டுவதை இப்போது பரிந்துரைப்பதில்லை. வளையத்தை ஒட்டிய மண் சரியாக இடிபடுவதேயில்லை.

இந்த வேலைக்காக நீரை இறக்கும்போது அவசரம் கூடாது. நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்கினால் நனைந்த உட்சரிவு தாங்கலில்லாமல் சரியக்கூடும்.

மரங்களுக்கு இரக்கம் காட்ட முடியாது. 10 செ.மீ. தடிமனுக்கு உட்பட்டதை அடியோடு வெட்டிவிடலாம். பெரிய மரத்தை வெட்டி வேரை விட்டால் அது மக்கி, நீருக்குக் குழாயாகும். நீர் இறங்கியிருக்கும்போதே வேரைத் தோண்டி எடுத்து, குழியைப் படிப்படியாக அகலப்படுத்தி, அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். எலி வளைகளுக்கு 9 பங்கு மண், 1 பங்கு சிமென்ட் கலந்த குழம்பை ஒரு செங்குத்துக் குழாய் வழியே ஊற்றினால் ஆழம் வரை போகும்.

கரைக்குக் குறுக்கே போகும் வெடிப்பு, நீளவாக்கில் போவதைவிட மோசம். தோண்டும் முன் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றுங்கள். வெள்ளைக் கோடு முடியும் ஆழம் வரை தோண்டினால் போதும். நிரப்பும் மண்ணில் ஒரு சிறு கட்டியைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். சுற்றிலும் பால்போல் கலங்கினால் அந்த மண் நீரில் தானே கரையும் வகை, சுண்ணாம்போ ஜிப்சமோ சேர்க்காமல் பயன்படாது. அணை நீரிலேயே போட்டுப் பார்த்தால் அதிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும்.

மீண்டும் நிரப்பும்போது ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். ஒரு மீட்டர் ஏறியதும் நிறுத்தி, தகட்டில் கசிவை அளந்து, எண் நிலைத்த பிறகே அடுத்த மீட்டர். அந்த நாட்களில் கதவைத் திறக்கும் கைப்பிடி கரையிலேயே இருக்கட்டும், பம்பும் ஓடும் நிலையில் நிற்கட்டும், கீழே குடியிருப்பவர்களின் தொலைபேசி எண்கள் காவலுக்கு நிற்பவரின் கையில் இருக்கட்டும்.