நாகர்கோவிலிலிருந்து 1947: பாட்காஸ்ட் முதல் பகுதி உருவான விதம்

பிரிட்டிஷ் ஆட்சியின் முடிவைப் பற்றிப் பேசும் தமிழ் பாட்காஸ்ட்டுகள் பெரும்பாலும் டெல்லியில் தொடங்கி டெல்லியிலேயே முடிந்துவிடுகின்றன. நாகர்கோவிலில் உட்கார்ந்து பதிவு செய்யும் எனக்கு அந்த வழி ஒத்துவராது. ஏனெனில் 1947-இல் எங்கள் ஊர் சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1795, 1805 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் ஆங்கிலேயர் மகாராஜாவுக்கு மேலே இருந்தார்களே தவிர, வரி கேட்டவரும் காவலரை அனுப்பியவரும் மகாராஜாவின் முதலமைச்சரான திவானின் ஆட்களே. ஆகவே ஆகஸ்ட் 15-ஐ மையமாக வைக்காமல், ஜூன் 11 முதல் ஜூலை 30 வரையிலான நாட்களை முதல் பகுதியின் எல்லையாக வைத்துக்கொண்டேன்.

ஜூன் 11 அன்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். அவரை வெறும் வில்லனாகக் காட்டிவிட்டால் கதை விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பிடித்துக்கொண்ட சட்டக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஜூலை 18 அன்று அரச ஒப்புதல் பெற்ற இந்திய விடுதலைச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, சமஸ்தானங்கள்மீது பிரிட்டிஷ் முடிக்கு இருந்த மேலாதிக்கம் முடிவுக்கு வரும் என்கிறது. அந்த மேலாதிக்கம் புதிய இந்திய அரசுக்குக் கைமாறும் என்று சொல்லவில்லை. இந்த ஒரு நுட்பத்தைக் காதுக்கு விளங்கும்படி சொல்வதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. படிப்பவர் புரியாவிட்டால் மேல் வரிக்குத் திரும்பிப் போவார். பேருந்தில் கேட்டுக்கொண்டு போகிறவர் திரும்பிப் போகமாட்டார். எனவே சட்ட வாசகத்தை எடுத்துவிட்டு, "மேலே இருந்தவர் போய்விட்டால் இனி மகாராஜாவுக்கு மேலே யார்?" என்ற கேள்வியாக மாற்றி, அதையே இரண்டு இடங்களில் வைத்தேன்.

ஜூலை 25 அன்று திருவனந்தபுரம் இசை அகாடமியில் திவான் வெட்டுப்பட்டதும், ஜூலை 30 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவோடு இணையச் சம்மதித்து மவுண்ட்பேட்டனுக்குத் தந்தி அடித்ததும் தாமாகவே கதையை நடத்திச் சென்றன. அங்கே பின்னணி இசை எதுவும் தேவைப்படவில்லை. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டும், அதிலிருந்து கிடைக்கும், அணுசக்திக்கு உதவும் தோரியமும் திவானின் பேரம் பேசும் வலுவைக் கூட்டின என்பதைச் சுருக்கமாகவே சேர்த்தேன். அது தனிப் பகுதிக்கு உரிய விஷயம்.

ஒலியைப் பொறுத்தவரை, திருவிதாங்கூரின் பழைய எல்லையான ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்றைப் பதிவு செய்து தொடக்கத்தில் வைக்க விரும்பினேன். காற்று நன்றாகத்தான் பதிவானது, கூடவே காற்றாலைகளின் இரைச்சலும். 1947-இல் இல்லாத ஓர் ஒலியை அந்த ஆண்டின் பெயரில் ஒலிக்கவிட மனம் இடம் தராததால் அதை விட்டுவிட்டேன். குரல் பதிவுக்குக் கோயில் கொடை விழாவும் தேவாலயத் திருவிழாவும் இல்லாத இரவுகளே வாய்ப்பு. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி ஒட்டி, ஒலியளவை மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்தேன்.

இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்த இடம், எங்கள் தெருவில் உள்ள ஒரு பாட்டாவின் பேச்சு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துவர்த்தின், அதாவது துண்டின்மீது கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தேன். "வெள்ளக்காரன நாங்க எங்க மக்களே கண்டோம்? எங்களுக்கு ராஜாவும் திவானும்தான்" என்றவர், உள்ளே போய் சக்கரம் என்ற செப்பு நாணயம் ஒன்றை எடுத்துவந்து பெஞ்சில் போட்டார். அப்போது எங்களுக்குத் தனி நாணயம். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நாணயம் மரத்தில் விழுந்து சுழன்று அடங்கும் ஓசை தெளிவாகப் பதிந்திருந்தது. அதன் மீது என் குரலை ஏற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இரண்டாம் பகுதிக்கான எழுத்து வேலை தொடங்கியுள்ளது. அது, எங்கள் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணியையும் அதற்கான கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸையும் பின்தொடர்ந்து, போராட்டக்காரர்கள்மீது நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டின் வழியாக, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அப்போது சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1 வரை செல்லும். விளவங்கோட்டுப் பேச்சில் மலையாளம் கலந்து வருவதால், அங்குள்ள பெரியவர்களின் குரலுக்கு இடையிடையே விளக்கம் சொல்லலாமா, அல்லது அப்படியே ஒலிக்கவிடலாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்போதைக்கு அப்படியே விடுவதன் பக்கம்தான் மனம் சாய்கிறது.