ஒகேனக்கல் போகும் முன் பிலிகுண்டுலு கணக்கைப் பாருங்கள்

ஒகேனக்கல் போவதென்றால் எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பது நீர்வரத்துச் செய்தியைத்தான். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தினமும் தண்ணீரை அளக்கிறது. அருவியில் குளிக்கலாமா, பரிசல் ஓடுமா என்று தருமபுரி மாவட்ட நிர்வாகம் சொல்வது பெரும்பாலும் அந்தக் கன அடிக் கணக்கை வைத்துத்தான். ஒரு கன அடி என்றால் நொடிக்கு 28 லிட்டருக்கு மேல். சென்னையிலிருந்து வந்த அத்தையைக் கூட்டிப்போன அன்று 8,000 கன அடி. நொடிக்கு இரண்டேகால் லட்சம் லிட்டர்! அதுவே ஒகேனக்கல்லில் சாதாரண நாள்.

பென்னாகரம் தாண்டினால் காடு. யானை கடக்கும் சாலை என்பதால் இறங்கிப் படம் எடுக்காமல் நேராகப் போய்விடுவது நல்லது.

பரிசல் துறையில்தான் அத்தைக்கும் பரிசல்காரருக்கும் வாக்குவாதம். லைஃப் ஜாக்கெட் ஈரமாக இருந்தது, வேர்வை நாற்றம் வேறு. "மடியில வெச்சுக்கறேம்ப்பா, ஆடுச்சுன்னா போட்டுக்கறேன்" என்றார் அத்தை. பரிசல்காரர் துடுப்பை முழங்காலில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மடியில இருக்கறது உங்களக் காப்பாத்தாதுங்கம்மா. போடுங்க, அப்பறந்தான் தள்ளுவேன்." போட்டதும் விடவில்லை. ஒவ்வொருவர் தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். என் தம்பி மகனுக்கு அது காதுவரை ஏறியது. கழற்றச் சொல்லிவிட்டு, சின்ன அளவு ஒன்றைத் தேடி எடுத்து வந்து மாட்டிவிட்டார். கொக்கி மாட்டினால் போதாது, வாரையும் இழுத்து இறுக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள்.

பரிசல் என்பது வட்டமான மூங்கில் கூடை. அந்தக் காலத்தில் அடியில் எருமைத்தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள். ஒருவர் எழுந்து நின்றாலே ஒரு பக்கம் சாயும். எங்கள் பரிசலில் நாலு பேருக்கு மேல் ஏற்றவில்லை, செல்ஃபிக்கு எழுந்தவரை அதட்டி உட்கார வைத்தார். 2015-ல் இங்கே பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போனதை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த அதட்டலில் ஒரு தப்பும் இல்லை.

குளிப்பதும் அனுமதித்த இடத்தில் மட்டும்தான். ஆற்றில் முதலை உண்டு. அமைதியாகத் தெரியும் மடுவில்தான் ஆழமும் சுழலும்.

தடை போட்ட நாளில் போலீசாரிடம் மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். "மழையே இல்லையே சார், வெயில் கொளுத்துதே!" என்பார்கள். இங்கே மழை பெய்ய வேண்டியதே இல்லை. ஆடி மாதம் குடகிலும் வயநாட்டிலும் கொட்டினால் கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பும். உபரியைத் திறந்தால் அது காட்டு வழியாக வந்து இந்தப் பாறைகளை மூழ்கடிக்கும். 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அன்றைக்கு ஐந்தருவி எங்கே, பாறை எங்கே என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வாசலை மூடுவதுதான் நியாயம்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. அன்றைய கன அடியையும் தடை உண்டா இல்லையா என்பதையும் தருமபுரி பஸ் நிலையத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு பஸ் மாறி மாறி வருகிறவர்களுக்கு, ஆற்றங்கரையில் வந்து நின்ற பிறகு தெரிவதில் என்ன பயன்? வந்த ஏமாற்றத்தில்தான் பலர் கண்ட இடத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

தடை நாளில் மாட்டிக்கொண்டால் தேசநாதேஸ்வரர் கோயிலும் முதலைப் பண்ணையும் இருக்கின்றன. திரும்பும் வழியில் அதியமான்கோட்டை காலபைரவரையும் பார்த்துவிடலாம். ஆடி, ஆவணியில் வருவதாக இருந்தால், முதல் நாள் இரவும் கிளம்பும் காலையும் இரண்டு தடவை நீர்வரத்தைப் பாருங்கள். ஒரே ராத்திரியில் கணக்கு மாறிவிடும்.