காகிதப் பறவையும் 41 வினாடிகளும்

இறுதிப் பருவத்தில் ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு எடுத்த குறும்படத்தின் நீளம் 2 நிமிடம் 40 வினாடி. அதில் விஎஃப்எக்ஸ், அதாவது படமெடுத்த பிறகு கணினியில் சேர்க்கும் காட்சி வேலை, தேவைப்பட்ட பகுதி 41 வினாடி மட்டுமே. படப்பிடிப்பை இரண்டு நாட்களில் முடித்துவிட்டோம். அந்த 41 வினாடிக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. கதை எளிமையானதுதான். வாசிப்பறையில் படித்தபடியே தூங்கிவிடும் ஒரு மாணவி, தன் நோட்டின் ஓரத்தில் ஒரு பறவையைக் கிறுக்கி வைத்திருக்கிறாள். அது அசையத் தொடங்குகிறது. தாளே மடிந்து காகிதப் பறவையாக மாறி, புத்தக அலமாரிகளுக்கு நடுவே பறந்து, சன்னல் வழியாக இரவுக்குள் போய்விடுகிறது. குழுவில் முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளை அதற்கு முன் திறந்து பார்த்திருந்தது நான் ஒருத்திதான் என்பதால் பறவையின் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. திறந்து பார்த்திருந்தேன் என்பதற்கு மேல் அதில் வேறு தகுதி எதுவும் இல்லை. ஒரு நாற்காலியும் ஒரு கோப்பையும் செய்து பார்த்திருந்தேன், அவ்வளவே.

தொடக்கத்தில் நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அனிமேட்டிக். கதைப்பலகைப் படங்களைக் கைப்பேசியில் எடுத்து, ஒவ்வொன்றும் திரையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கிட்டு வரிசையாக ஒட்டி, ஒரு முழுப் படம்போல ஓடவிட்டோம். பறவைக்குப் பதிலாக ஒரு முக்கோணம் நகர்ந்தது. 14 ஷாட்டுகள் என்று எழுதி வைத்திருந்தவற்றில் ஐந்து ஷாட்டுகள் எதையும் புதிதாகச் சொல்லவில்லை என்பது அந்த முக்கோணத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மீதி ஒன்பதோடு வேலையைத் தொடங்கினோம். அந்த ஐந்தையும் அப்போது விட்டிருக்காவிட்டால் படம் உரிய நாளில் முடிந்திருக்காது.

படப்பிடிப்பில் என்ன சிக்கல் வந்தாலும் "எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்றே ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் இரண்டு முறை சொன்னேன். பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்தான் என்பது அந்த நேரத்தில் நினைவில் இல்லை. பறவை அலமாரிகளுக்கு இடையே பறக்கும் ஷாட்டில் எங்கள் கேமராவான கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தோம். அதற்குள் ஒரு முப்பரிமாணப் பறவையைப் பொருத்த வேண்டுமென்றால், கேமரா அறைக்குள் எப்படி நகர்ந்தது என்பதை மென்பொருள் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். காட்சியில் அசையாமல் இருக்கும் புள்ளிகளைப் பிரேம் பிரேமாக (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமாக) தொடர்ந்து, அவை ஒன்றுக்கொன்று எப்படி இடம் மாறுகின்றன என்பதை வைத்து அது கேமராவின் பாதையைக் கணிக்கிறது. பிளெண்டரில் இதற்குக் குறைந்தது 8 புள்ளிகள் வேண்டும். நான் 30 புள்ளிகள் வைத்தேன். மென்பொருள் கணித்த இடத்துக்கும் புள்ளி உண்மையில் இருந்த இடத்துக்கும் கிடைத்த பிழை 7 பிக்சலுக்கு மேல். 1 பிக்சலுக்குக் கீழே வந்தால்தான் வைத்த பொருள் வைத்த இடத்தில் நிற்கும். என் பறவையோ தரையில் உட்கார வைத்தாலும் தண்ணீரில் மிதப்பதுபோல வழுக்கிக்கொண்டே இருந்தது.

நான்கு நாட்கள் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகுதான் கோளாறு என்னிடம் இல்லை, கோப்பில் இருக்கிறது என்று தெரிந்தது. கைப்பேசியில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு பிரேமையும் சற்றே வெட்டி, நகர்த்தி, சில நேரம் வளைத்தும் விடுகிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் அந்தக் காட்சி, ஒரே லென்ஸ் வழியாக எடுத்தது என்று நம்பிக் கணக்குப் போடும் மென்பொருளுக்குப் பொய்க் கணக்காகிவிடுகிறது. இது போதாதென்று, கைப்பேசி பதிவு செய்த பிரேம்களின் இடைவெளியும் சீராக இல்லை. வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் ஏற்ப அது வினாடிக்கான பிரேம் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. எடிட்டிங் மென்பொருளில் ஒரு நீளமும் பிளெண்டரில் வேறொரு நீளமும் காட்டியதற்குக் காரணம் அதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் வினாடிக்கு 24 பிரேம் என்ற நிலையான வேகத்துக்கு மாற்றியதும் இந்த இரண்டாவது சிக்கல் தீர்ந்தது. முதலாவதற்குத் திரும்பப் படம் எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

திரும்ப எடுத்தபோது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டெபிலைசேஷனை அணைத்தோம், ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டினோம், ஷட்டர் வேகத்தை 1/50 என்று வைத்தோம். கேமரா தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது, அலமாரிக்கும் மேசைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் அளவுநாடா வைத்து அளந்து எழுதினேன். வெறுமையான சுவரில் மென்பொருள் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் சிறு காகிதக் குறிகளை ஒட்டினோம். ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும் பறவை போகவேண்டிய பாதையில் ஒரு மேசைப்பந்தைப் பிடித்துப் பத்து வினாடி கூடுதலாக எடுத்தோம். அதன் விட்டம் 40 மில்லிமீட்டர் என்பதால் அளவுக்கு அளவும் ஆயிற்று. வெள்ளையாகவும் உருண்டையாகவும் இருப்பதால் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல், நிழல் எவ்வளவு மென்மை என்பதும் அதிலேயே தெரிந்தது. ஒரு பளபளப்பான எஃகுக் கிண்ணத்தின் வெளிப்புறத்தையும் அதே இடத்தில் காட்டிப் படம் எடுத்தோம். அறையின் விளக்குகள் எங்கெங்கே இருந்தன என்பது அதில் பிரதிபலித்தது. முறையாகச் செய்பவர்கள் இதற்குக் குரோம் பந்தும் சாம்பல் நிறப் பந்தும் வைத்திருப்பார்கள். எங்களிடம் கிண்ணமும் மேசைப்பந்தும் இருந்தன, அவையே போதுமாக இருந்தன. இம்முறை பிழை 0.6 பிக்சல். பறவை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது.

கிரீன் மேட் விஷயத்தில் நாங்கள் வீணாக்கிய நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். சன்னலுக்கு வெளியே உள்ள பகலை இரவாக மாற்றுவதற்காகச் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பச்சைத் துணியைக் கட்டினோம். பச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் நான்கு ஒளிப்புள்ளிகளுக்கு இரண்டு பச்சை என்ற விகிதம் இருப்பதால் அந்த நிறத்தின் விவரம்தான் அதிகம் பதிவாகிறது. ஆனால் கைப்பேசி, கோப்பைச் சுருக்கும்போது நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் என்ற அளவில்தான் சேமிக்கிறது. அதனால் பச்சையை மட்டும் பிரித்து நீக்கும் கீயிங் செய்தபோது தலைமுடியின் ஓரமெல்லாம் படிக்கட்டுபோல் உடைந்தது. துணி சன்னலுக்கு மிக அருகில் இருந்ததால் அதன் பச்சை வெளிச்சம் திறந்திருந்த நோட்டின் வெள்ளைத் தாளில் படிந்தது. பச்சையை அகற்றினால் தாள் இளஞ்சிவப்பாக மாறியது. இரண்டு நாள் போராடிய பிறகு ஒளிப்பதிவு செய்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: "கேமரா ஸ்டாண்டில்தானே நிற்கிறது? சன்னல் எங்கும் போகவில்லையே?" உண்மைதான். கேமரா நகராத ஷாட்டில் சன்னல் சட்டத்தைச் சுற்றி ஒரே ஒரு மாஸ்க், அதாவது அந்தப் பகுதியைப் பிரிக்கும் எல்லைக்கோடு, வரைந்தால் போதும். நடிகையின் தலை சட்டத்தைக் கடக்கும் 20 பிரேம்களில் மட்டும் கையால் திருத்தினால் சரியாகிவிடும். துணி இல்லாமல் எடுத்த டேக் ஒன்று நல்லவேளையாக மிச்சமிருந்தது. அரை நாளில் அந்த ஷாட் முடிந்தது.

நோட்டில் உள்ள கிறுக்கல் பறவை அசையும் பகுதியைக் கணினியில் செய்யாமல் தாளிலேயே வரைவது என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படங்கள் ஆகின்றன. 5 வினாடிக்கு 60 படங்கள். குழுவில் நன்றாக வரையும் தோழி இரண்டு மாலைகளில் வரைந்து முடித்தாள். கோடுகள் படத்துக்குப் படம் சற்றே நடுங்கியது அழகாகவே இருந்தது. அழகாக இல்லாதது பின்னணித் தாளின் மினுமினுப்பு. மேலிருந்து படம் எடுத்த கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டதால் தாள் விட்டுவிட்டு வெளுத்தது. எக்ஸ்போஷரைப் பூட்டி 60 படங்களையும் மீண்டும் எடுத்தோம். ஒரு தவற்றிலிருந்து பாடம் கற்றுக்கொண்ட பிறகும் அதே தவறு வேறு சட்டை போட்டு வரும்போது அடையாளம் தெரிவதில்லை.

பறவையின் அசைவுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதலில் உண்மையான பறவைகளைப் பார்த்துச் சிறகடிக்க வைத்தேன். அது காகித உறை போர்த்திய புறாவைப் போல இருந்தது. பிறகு உண்மையான தாளை மடித்து, நூலில் கட்டி ஆட்டியும், மேலிருந்து விழவிட்டும், விசிறியின் முன் பிடித்தும் படம் எடுத்துப் பார்த்தேன். தாள் வளைவதைவிட மடிந்த கோட்டில் திறந்து மூடுவதே அதிகம். காற்று பிடித்தால் சட்டென்று நிற்கிறது, விட்டால் சறுக்குகிறது. ஆகவே சிறகை அசைக்கும் பிடிகளான 'எலும்புகளை' மடிப்புக் கோடுகளில் மட்டும் வைத்தேன்; மற்ற இடங்களில் தாள் விறைப்பாகவே இருந்தது. நோட்டுப் பறவையோடு ஒத்துப்போகட்டும் என்று முப்பரிமாணப் பறவையையும் இரண்டு பிரேமுக்கு ஒரு நிலை என்று அசைத்தேன். கேமரா நின்ற ஷாட்டுகளில் அது நன்றாக இருந்தது. கேமரா நகர்ந்த ஷாட்டில் பறவை வெட்டி வெட்டிப் போனது. பின்னணி ஒவ்வொரு பிரேமிலும் நகர, பறவை ஒரு பிரேம் நின்று ஒரு பிரேம் தாவினால் வேறென்ன ஆகும்? சிறகடிப்பை மட்டும் இரண்டு பிரேமுக்கு ஒன்றாக விட்டுவிட்டு, பறவை காற்றில் செல்லும் பாதையை ஒவ்வொரு பிரேமிலும் நகரவைத்ததும் இரண்டும் சேர்ந்துகொண்டன.

காட்சியோடு பறவையை இணைக்கும் கம்பாசிட்டிங் கட்டத்தில் முதல் அதிர்ச்சி, நாங்கள் எடுத்த காட்சியே வெளிறிப்போய்த் தெரிந்தது. பிளெண்டரின் புதிய பதிப்புகளில் வண்ணத்தைத் திரைக்கு மாற்றும் முறை இயல்பாகவே ஏஜிஎக்ஸ் என்று இருக்கிறது. முழுக்கக் கணினியில் செய்த காட்சிக்கு அது நல்லது. ஏற்கெனவே கைப்பேசி பதப்படுத்திக் கொடுத்த வீடியோவின் மேல் அது இன்னொரு முறை வேலை செய்தால் நிறம் செத்துவிடுகிறது. ஸ்டாண்டர்ட் என்று மாற்றினேன். நிழலுக்காக, மேசையின் அளவிலேயே ஒரு பரப்பைச் செய்து, அதை நிழலை மட்டும் வாங்கிக்கொள்ளும் பரப்பாக அமைத்தேன். பறவை ஒட்டவைத்ததுபோலத் தெரிகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது அந்த நிழல் விழுந்ததும் பாதி நின்றது. மீதிப் பாதி நின்றது, பறவையின் கருமையை அறையின் கருமையோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகு. வாசிப்பறையின் எந்த நிழலும் முழுக் கருப்பாக இல்லை. என் பறவையின் அடிப்பகுதி மட்டும் முழுக் கருப்பாக இருந்தது. கடைசியாகக் காட்சியில் இருந்த மணற்துகள் போன்ற இரைச்சலைப் பறவையின் மேலும் லேசாகத் தூவினேன்.

ஒவ்வொரு பிரேமையும் கணினி கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் ரெண்டர் பற்றி முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும். 41 வினாடி என்றால் 984 பிரேம். என் கணினியில் ஒரு பிரேமுக்கு 6 நிமிடம். இடைவிடாமல் ஓடினாலும் 98 மணி நேரத்துக்கு மேல், அதாவது நான்கு நாட்கள். முதல் ஷாட்டை நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யப்போய், மின்சாரம் நின்றதில் ஓர் இரவின் வேலை திறக்கவே முடியாத கோப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படக்கோப்பாகவே வெளியே எடுத்தேன். நின்றால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஒளியைக் கணிக்க ஒரு பிரேமுக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மிஞ்சும் இரைச்சலை அதை நீக்கும் டீநாய்சர் வசதியிடம் விட்டதில் 6 நிமிடம் 2 நிமிடமாயிற்று. கணினி ஆய்வகத்தில் மூன்று கணினிகளை இரவில் பயன்படுத்த அனுமதி கிடைத்தபோது, எல்லாவற்றையும் ஒரே பொதுக் கோப்புறையைப் பார்க்கவைத்து, ஏற்கெனவே உள்ள பிரேமின்மேல் எழுதாதே, தொடங்கிய பிரேமுக்கு வெற்றுக் கோப்பை இட்டு வை என்ற இரண்டு அமைப்புகளையும் இயக்கினேன். ஒரு கணினி எடுத்த பிரேமை இன்னொன்று தொடாமல் வேலையைத் தாமே பங்கிட்டுக்கொண்டன. அப்படியும் முதல் இரவில் பறவை அந்த மூன்று கணினிகளிலும் பளீரென்ற இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தது. தாளின் மேற்பரப்புப் படமான டெக்ஸ்சர் கோப்பு என் கணினியில் மட்டும் இருந்தது. டெக்ஸ்சர்களை எல்லாம் பிளெண்டர் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்பியிருக்க வேண்டும்.

எடிட் செய்த நண்பருக்கும் எனக்கும் ஒரே ஒரு முறை உண்மையான சண்டை வந்தது. நான் ரெண்டர் முடித்த ஷாட்டுக்கு முன்னால் அரை வினாடி வேண்டும் என்று அவர் கேட்டார். இல்லாத அரை வினாடியை எங்கிருந்து கொடுப்பது? அதன்பின் இரண்டு விதிகளை எழுதி வைத்தோம்: எடிட்டைப் பூட்டிய பிறகே ரெண்டர்; ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் 12 பிரேம் கூடுதல்.

சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள், படத்தைக் காட்டப்போகும் அறையின் புரொஜக்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். என் மடிக்கணினியில் தெளிவாக இருந்த கடைசி ஷாட்டில், சன்னலுக்கு வெளியே பறவை போவது திரையில் தெரியவே இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. இரவு வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கி, பறவையின் விளிம்பில் நிலவொளிபோல ஒரு மெல்லிய வெளிச்சத்தைச் சேர்த்து, 96 பிரேம்களை அன்றிரவே மீண்டும் ரெண்டருக்குப் போட்டோம். அதிகாலை நான்கு மணிக்குக் கடைசிப் பிரேம் வந்தது. சிறகின் நுனி சன்னல் சட்டத்தை ஓரிடத்தில் ஒரு பிக்சல் அளவுக்குத் துளைத்துக்கொண்டு போகிறது. அதை அப்போதே பார்த்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.