கூடாரம் ஒழுகக் கூடாது

வெளிநாடு ஒன்றில் மிஷனரியாக இருக்கும் நான், காலை ஜெபம் முடிந்ததும் மாணவனாகிவிடுகிறேன். நான் நடத்தும் ஆங்கில வகுப்பு மாலையில்தான். அதற்கு முன் தினமும் இரண்டு மணி நேரம் இந்த நாட்டு மொழியைப் படிக்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொல்லித் தருகிறார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், அவர் இல்லை என்று கையசைக்கிறார், மறுபடியும் சொல்கிறேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார் என்பதை ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே கேட்டிருக்கிறேன். வளர்ந்த மனிதர் ஒருவருக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்பது மட்டும் இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

நண்பகலில் சமையல், துணி துவைத்தல், பயிற்சித் தாள்களை நகலெடுத்தல் என்று நேரம் போய்விடும். மாலை ஆறு மணிக்கு வயதுவந்த மாணவர்கள் வரத் தொடங்குவார்கள். பெரும்பாலோர் வேலை முடிந்து நேராக வருபவர்கள். களைப்பு முகத்தில் தெரியும். அந்தக் களைப்போடு வந்தவர்களை ஒரு மணி நேரம் என் பேச்சைக் கேட்க வைப்பது நியாயமில்லை என்பதால், விளக்கத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு மீதி நேரத்தை அவர்கள் பேசுவதற்கே விட்டுவிடுகிறேன்.

அவர்களை மிகவும் வாட்டுவது 'எ' (a), 'தி' (the) என்ற இரண்டு சிறிய சொற்கள்தாம். அவர்கள் மொழியில் அவை இல்லை; தமிழிலும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சக ஊழியர் ஒருவரிடம் இதை எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டேன். காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைச் சொல்வோம் என்றார். எனக்கு அப்படிப்பட்ட காது இல்லை, நான் அடிவாங்கிப் படித்தவன். அதனாலேயே எங்கே தடுக்கும் என்று எனக்குத் தெரியும். மேசையின் மேல் மூன்று பேனாக்களையும் ஒரு சாவியையும் வைத்தேன். "கிவ் மீ எ பென்" என்றபோது எதை எடுத்துக் கொடுத்தாலும் சரி. "கிவ் மீ த கீ" என்றபோது கொடுப்பதற்கு ஒன்றுதான் இருந்தது. பிறகு இரண்டு பேனாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இப்போது பேனாவை எப்படிக் கேட்பீர்கள் என்றேன். சில நொடிகள் அமைதி. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா "த பென்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குரல் என்னோடு வந்தது.

இவ்வளவு விரிவாகப் பாடத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. மிஷனரியின் ஆங்கில வகுப்பு என்றால் அது தூண்டிலில் மாட்டிய புழு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க நானே ஒருமுறை இடம் கொடுத்துவிட்டேன்.

தொடக்கத்தில் வகுப்பு முடிந்த உடனே அதே அறையில் வேத வாசிப்பும் ஜெபமும் நடத்தினேன். விருப்பமுள்ளவர்கள் இருக்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஏறக்குறைய எல்லாரும் இருந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஒன்றரை மாதம் கழித்து, வாகனம் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, ஜெபத்திற்கு இருக்காவிட்டாலும் வகுப்புக்கு வரலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அத்தனை வாரங்களாக அவர் பயத்தினால் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். அதை நான் விருப்பம் என்று எண்ணியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் என்று வாயால் சொன்னால் போதாது, எழுந்து போவதற்கு வழியும் இருக்க வேண்டும் என்பது ஆசிரியர் நாற்காலியில் இருந்தவனுக்குத் தோன்றவில்லை.

மறு வாரமே ஜெபக் கூட்டத்தை வேறொரு நாளுக்கு, வேறொரு வீட்டுக்கு மாற்றினேன். முதல் கூட்டத்திற்கு நான்கு பேர் வந்தார்கள். வேத வாசிப்புக்கும் வேறு புத்தகம் எடுத்தேன். வேதாகமத்தின் 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு அழகானதுதான், ஆனால் 'யூ' என்பதற்குப் பதிலாகப் பழைய 'தௌ', 'தீ' என்று அதில் படித்துவிட்டு ஒருவர் வேலை நேர்காணலில் அப்படிப் பேசினால் அந்தப் பழி என்னுடையது. ஆங்கிலேய மொழி அறிஞர் ஆக்டன் 1930இல் 850 சொற்களைக் கொண்டு வகுத்த எளிய ஆங்கிலத்தோடு இன்னும் 150 சொற்களை மட்டும் சேர்த்து, 1949இல் முழுமையாக வெளிவந்த வேதாகமம் ஒன்று உண்டு. அந்த நான்கு பேரும் அதை நிறுத்தாமல் படிக்கிறார்கள்.

என்னைத் தாங்கும் குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஜெபக் கடிதம் எழுத வேண்டும். பலரும் முதலில் தேடுவது எண்ணிக்கையை. முப்பது பேர் என்று எழுதிய கையால் நான்கு பேர் என்று எழுத எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. கொரிந்து பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் கூடாரம் செய்து பிழைத்தார் என்று வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. சுயமாக உழைத்து ஊழியம் செய்வதை நாம் கூடாரத் தொழில் என்று சொல்வதும் அதனால்தான். அவரிடம் கூடாரம் வாங்கியவர்கள் எல்லாரும் அவர் பிரசங்கத்தை ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கூடாரம் மழைக்கு ஒழுகியிருக்காது என்று நான் நம்புகிறேன். இதைத்தான் கடிதத்தில் எழுதினேன். ஒரு குடும்பம் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு வீட்டு அம்மா, அந்த ஓட்டுநருக்காகத் தினமும் ஜெபிப்பதாகப் பதில் எழுதினார்.

அந்த ஓட்டுநர் இப்போதும் வகுப்புக்கு வருகிறார். கூட்டத்திற்கு ஒருமுறையும் வந்ததில்லை. போன வாரம் ஒரு நிறுவனத்தின் ஓட்டுநர் வேலைக்கு ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். மூன்று இடங்களில் 'தி' விட்டுப்போயிருந்தது. நான் விரல் வைக்கும் முன்பே இரண்டை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். மூன்றாவதை நான் காட்டினேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று அன்றிரவு என் அறையில் முழங்காலில் நின்றேன்.