24 வோல்ட் இன்வேட்டர்: டொரோயிட் சுற்றமுன் போடவேண்டிய கணக்கு

இப்போது ஓடுவது, பற்றரியின் நேர் மின்னை வீட்டுக்கான 230 வோல்ட் மாறு மின்னாக்கும் 24 வோல்ட், 500 வாட், சைன் அலை இன்வேட்டர். கட்டுப்படுத்துவது ஈஜிஎஸ்002 என்ற சைன் அலை கட்டுப்பாட்டுச் சுற்றுப் பலகை (போட்). மின்னை மாறிமாறித் திருப்பிவிடும் எச்-பிரிட்ஜில், மின் சுவிட்சாக வேலை செய்யும் எச்வை4008 மொஸ்ஃபெட் எட்டு, நான்கு கைகளில் கைக்கு இரண்டிரண்டாக. மொஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால் கேட், ஒவ்வொரு கேட்டுக்கும் தனி 10 ஓம் ரெசிஸ்டர். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையில் 10 கிலோஓம்.

கனபேர் தடக்குப்படுவது ட்ரான்ஸ்போமரில்தான், அதாவது வளையக் கோரில் சுற்றும் டொரோயிட்டில். பற்றரி 24 என்று 24 வோல்ட்டை 230 ஆக்கும் 24–230 வாங்கினால் 230 வரவே வராது. பிரிட்ஜ் தரும் அலையின் உச்சி பற்றரி வோல்ட்டேஜைத் தாண்டாது. சைன் அலையில் உச்சியை 1.414ஆல் வகுத்தால் வருவதுதான் மீற்றர் காட்டும் வோல்ட்டேஜ்: பற்றரி 21க்கு இறங்கும்போது 21 ÷ 1.414 = 14.85. 24–230இல் அது வெறும் 142 வோல்ட்டாக வெளியே வரும், ஃபான் முனகும். வயரிலும் மொஸ்ஃபெட்டிலும் போகும் இழப்பைக் கழித்து 14–230 என்று சுற்றவேண்டும். 500 வாட்டுக்கு 14 வோல்ட் பக்கம் 36 அம்பியர் ஓடும், 1.6 மில்லிமீற்றர் செப்புக் கம்பி ஆறு இழை சேர்த்துச் சுற்றினால் தாங்கும்.

பிரிட்ஜுக்கும் டொரோயிட்டுக்கும் நடுவில் சோக் (வேகத் துடிப்பைத் தடுக்கும் கம்பிச் சுருள்) கட்டாயம். அது இல்லாவிட்டால் போட் மொஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் 23.4 கிலோஹேட்ஸ் துடிப்பு நேரே சுற்றில் ஏறி, லோட் இல்லாமலே மொஸ்ஃபெட் சுடும். ஃபெரைட் கோரில் காற்று இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் லோட் ஏறியதும் கோர் காந்தத்தால் நிறைந்து சோக் வெறும் வயராகிவிடும். 230 பக்கத்துக்கு சீலிங் ஃபான் கப்பாசிட்டர் 2.5 மைக்ரோஃபரட் போதும். எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும்.

ஒரு பக்க மொஸ்ஃபெட் அணைந்து மறுபக்கம் திறக்கும் வரை விடும் இடைவெளிதான் டெட் டைம், போட்டில் அதன் ஜம்பரை 1 மைக்ரோசெக்கனில் வையுங்கள். 300 நானோசெக்கனில் இரட்டை மொஸ்ஃபெட் அணைய முன்னமே எதிர்ப்பக்கம் திறந்துவிடும். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது பற்றரிப் பொசிற்றிவில் லொறி ஹெட்லைட் பல்ப், 24 வோல்ட் 70 வாட், தொடராகப் போடுங்கள். மின்னி மங்கினால் கப்பாசிட்டர் நிரம்பிவிட்டது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் பிரிட்ஜில் ஷோர்ட். ஆனாலும் மொஸ்ஃபெட் தப்பும்.

தொடராக இணைத்த 12 வோல்ட், 100 ஏஎச் (அம்பியர்-மணி) பற்றரி இரண்டில் பாதியை மட்டும் எடுத்தால், இழப்புப் போக ஏறக்குறைய 1000 வாட்-மணி. ஃபான் இரண்டு, எல்ஈடி நான்கு, ரூட்டர் சேர்த்து 190 வாட் என்றால் ஐந்து மணித்தியாலம். கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் பற்றரியைத் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும்.

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடல் காற்று வெறும் செப்பைப் பச்சையாக்கிவிடும். சோதனை முடிந்ததும் போட்டுக்கு வார்னிஷ், பற்றரி முனைக்கு வசிலின். கூலிங் ஃபான் ஹீட்சிங்கில் மட்டும் ஊதட்டும், போட்டில் வேண்டாம்.

வீட்டு லைனுக்கு இரண்டு கம்பியையும் வெட்டும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். பிளக் சொக்கற் வழியாகத் திருப்பிக் கொடுத்தால் தெருக் கம்பியில் ஏறி நிற்பவரின் உயிர் போகும்.

குளிர்சாதனப் பெட்டி இன்னும் மாட்டவில்லை. கொம்பிரசர் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். போட் உடனே நிறுத்திவிடும். அதற்கு 1500 வாட் கோர் தனியாகச் சுற்றவேண்டும்.