வனவியல் விருப்பப் பாடம்: காடு மேலாண்மையை ஒரே காட்டில் வைத்துப் படித்தல்

இந்திய வனப் பணித் தேர்வுக்கு வனவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுள் பலர், இரண்டாம் தாளில் வரும் காடு மேலாண்மையை மரம், பாதுகாப்பு, சுற்றுலா என்று தனித்தனிக் குறிப்பேடுகளில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தாவரவியல் படித்துவிட்டு இந்தப் பாடத்துக்கு வந்த எனக்குப் பயன்பட்டது வேறு வழி. தெரிந்த காடு ஒன்றைத் தேர்ந்து, பாடத்திட்டத்தின் ஒவ்வொரு கருத்தையும் அந்தக் காட்டின் மீது வைத்துப் பார்த்தேன். காட்டிலிருந்து மரம் வேண்டும், விலங்குகள் வாழ வேண்டும், மக்களும் வந்து பார்க்க வேண்டும் என்ற மூன்று தேவைகளும் ஒரே நிலத்தில் மோதும்போது, எந்த இடத்தில் எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பதுதான் மேலாண்மை. கேள்விகளும் பெரும்பாலும் அந்த மோதலைச் சுற்றியே அமைகின்றன.

நான் எடுத்துக்கொண்டது ஆனைமலையில் உள்ள டாப்சிலிப். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்துக்கு ஆனைமலைத் தேக்கு சென்றது. அளவு மீறிய வெட்டுக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி அங்கே தேக்கை மீண்டும் வளர்த்தெடுத்தார். அவருடைய கல்லறையும் அங்குதான் இருக்கிறது. அந்தப் பகுதி 1976இல் சரணாலயமாகி, பின்னர் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. ஆக, மரத்துக்காக வளர்த்த தோப்பு, இன்று விலங்குகளுக்கான இடம், சுற்றுலாப் பயணிகள் வந்து தங்கும் ஊர் என மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

முதலில் விளைச்சல் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு காட்டில் ஆண்டுக்கு எவ்வளவு மரம் வெட்டலாம் என்று கணக்கிடும் வான் மாண்டல் சூத்திரத்தை வெறுமே ஒப்பிப்பதைவிட, அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. சுழற்சிக் காலம், அதாவது மரத்தை நட்டதிலிருந்து வெட்டும் வரையிலான காலம், 60 ஆண்டுகள் என்றால், சீரான காட்டில் ஒரு வயது முதல் 60 வயது வரையிலான மரங்கள் சம பரப்புள்ள துண்டுகளில் நிற்கும். அவற்றின் கன அளவுகளை வயது வரிசையில் நிறுத்தினால், அடிப்பக்கம் 60, உயரம் முதிர்ந்த துண்டின் கன அளவு என்ற ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முதிர்ந்த துண்டுதான் ஆண்டு விளைச்சல். முக்கோணத்தின் பரப்பு, அதாவது மொத்த இருப்பு, அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி என்பதால், ஆண்டு விளைச்சல் இருப்பின் இரு மடங்கைச் சுழற்சிக் காலத்தால் வகுத்ததாகிறது. இருப்பு 60,000 கன மீட்டர் என்றால் ஆண்டுக்கு 2,000 கன மீட்டர் வெட்டலாம். மரங்களின் வளர்ச்சி உண்மையில் நேர்கோட்டில் செல்வதில்லை. இடையில் நெருக்கம் குறைக்க எடுக்கும் மரமும் கணக்கில் வருவதில்லை. எல்லா மரங்களும் ஏறக்குறைய ஒரே வயதில் நிற்கும் தோப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தவும் பொருந்தாது. இந்தக் குறைகளை எழுதாத விடை பாதி விடைதான் என்பது என் கருத்து.

இனி அதே தோப்பைச் சட்டத்தின் வழியாகப் பாருங்கள். தேக்கு ஒளி விரும்பும் மரம். நெருங்கி நிற்கும்போது சில மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைத்தால்தான் மற்றவை நன்கு பருக்கும் என்று வன வளர்ப்புப் பாடம் சொல்கிறது. ஆனால் சரணாலயத்துக்குள் எதையும் அகற்ற வேண்டுமானால், அது வன உயிரினங்களின் நன்மைக்கும் மேம்பட்ட மேலாண்மைக்கும் தேவை என்று மாநில அரசு மாநில வன உயிரின வாரியத்தைக் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்றும், எடுத்ததை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுகிறது. மரம் பருக்கும் என்ற காரணம் அங்கே செல்லாது. புல்லும் பல்வகைத் தாவரங்களும் வளர இடம் கிடைக்கும் என்ற காரணத்தைத்தான் முன்வைக்க முடியும். செயல் ஒன்று, நோக்கம் இரண்டு. இதை விளக்கிவிட்டால் வன வளர்ப்பும் சட்டமும் ஒரே விடைக்குள் வந்துவிடும்.

இந்திய வனக் கொள்கைகளையும் இப்படியே கோத்துக்கொள்ளலாம். 1894ஆம் ஆண்டுக் கொள்கை வேளாண்மைக்கு முதலிடம் தந்தது. 1952ஆம் ஆண்டுக் கொள்கை தேசத்தின் மரத் தேவையை வலியுறுத்தியது. 1988ஆம் ஆண்டுக் கொள்கையோ நேரடிப் பொருளாதாரப் பயனைச் சூழல் நிலைத்தன்மைக்குக் கீழ்ப்படுத்தியது. காடுகளின் பாதுகாப்பு குறித்த கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், எங்கே எவ்வளவு வெட்டலாம் என்று வகுத்து மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற செயல் திட்டத்தின்படி அன்றி வேறெந்த மரவெட்டும் கூடாது என்று ஆணையிட்டதை இதன் தொடர்ச்சியாக எழுதுங்கள்.

சுற்றுலாவை இரண்டு வரிகளில் முடித்துவிடாதீர்கள். 2012இல் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; அதே ஆண்டில் வந்த வழிகாட்டு நெறிகள், மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேற்படாத பரப்பில் கட்டுப்படுத்தப்பட்ட சுற்றுலாவை அனுமதித்தன. ஒப்பீட்டுக்கு, பொழுதுபோக்கையும் மரத்தையும் ஒரே சட்டத்தில் நோக்கங்களாக வைத்த 1960ஆம் ஆண்டு அமெரிக்கப் பல்பயன் சட்டம் போதும். எல்லாப் பயன்களும் எல்லா நிலத்திலும் இருக்க வேண்டியதில்லை என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

முதன்மைத் தேர்வில் ஒரு தாளில் உள்ள எட்டுக் கேள்விகளில் ஐந்துக்கு மூன்று மணி நேரத்தில் எழுத வேண்டும். முதலாவதும் ஐந்தாவதும் கட்டாயம். விடை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால், தமிழில் யோசித்துப் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது அவசியம். முக்கோணப் படத்தையும், மரத்தின் சராசரி வளர்ச்சிக் கோடு உச்சம் தொடும் இடத்தில் ஆண்டு வளர்ச்சிக் கோடு அதை வெட்டும் படத்தையும் கை தானாக வரையும் வரை பழகுங்கள். டாப்சிலிப்பையே எடுக்க வேண்டும் என்பதில்லை. முதுமலையோ களக்காடோ, நீங்கள் நேரில் நடந்து பார்த்த காடாக இருக்கட்டும். நேர்முகத் தேர்வில் சொந்த மாவட்டக் காட்டைப் பற்றிக் கேட்டாலும் அந்தப் படிப்பே கைகொடுக்கும்.