சுரைக்கு உரம் வேண்டாம்

மாடித் தோட்டத்துக்கான விதைகளையும் இடுபொருள்களையும் இணையத்தில் விற்பது என் தொழில். எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது சுரை, பீர்க்கு, பாகல் கொடிகளைப் பற்றித்தான். கொடி செழித்துப் படர்ந்திருக்கிறது, பூவும் பூக்கிறது, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது, என்ன உரம் போடலாம் என்பார்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று எதையேனும் அனுப்பிவைத்தால் அன்றைய விற்பனை முடிந்துவிடும். ஆனால் உயரமான மாடிகளில் பெரும்பாலும் தேனீக்களின் வரத்து குறைவாக இருப்பதால், ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவைச் சேராமல் பிஞ்சு வெம்பிவிடுகிறது. சுரை அந்தியில் மலர்வது. அந்த நேரத்தில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் சிறு பிஞ்சைத் தாங்கி நிற்கும் பெண்பூவின் நடுவே மெல்லத் தொட்டுவிட்டால் போதும். இதைச் சொல்வதால் எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. காய் பிடித்த பிறகு அதே வீட்டிலிருந்து அடுத்த பட்டத்துக்கான விதைப் பட்டியல் வந்து சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் பயன், பிறகு இலாபம் என்று பேசுகிறவர்கள் பலர் உண்டு. அவர்களில் சிலர் பாதிப் பதிலை இலவசமாகச் சொல்லி, மீதியை விலைக்கு வைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. கேட்டவர் எங்களிடம் எதையும் வாங்காமலே தம் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளும் அளவுக்குப் பதில் முழுமையாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து காலிஃபிளவர் விதை கேட்பவரிடம் புரட்டாசி வரை பொறுத்திருக்கச் சொல்கிறோம். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் முற்றிவிட்ட செடிக்கு எந்த மருந்தும் பயன் தராது, செடியைப் பிடுங்கிவிட்டு, நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துங்கள் என்று எழுதுகிறோம். விதைகளுக்கு அரசு குறைந்தபட்ச முளைப்புத் திறனை வகுத்திருக்கிறது. தக்காளிக்கும் கத்தரிக்கும் அது 70 விழுக்காடு, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணினால் வாங்கியவரே இதை ஏறக்குறையச் சோதித்துவிடலாம். அந்த முறையை ஒவ்வொரு உறையின் பின்புறமும் அச்சிடுகிறோம். எங்கள் விதையைச் சோதிக்கும் வழியை நாங்களே சொல்லிக்கொடுப்பதால் பழைய இருப்பைத் தள்ளிவிட முடியாது. பிறருக்குச் சொல்லித்தரும் அறிவு நம் கடைக்கும் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவருகிறது என்பதை இங்குதான் உணர்ந்தேன்.

இதில் கடினமான பகுதி விதை சேமிப்பு. நாட்டுத் தக்காளியின் சதையை விதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அலசி, நிழலில் உலர்த்தினால் அடுத்த பருவத்துக்கான விதை கையில் இருக்கும். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் வீரிய ஒட்டுரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போல் வராது என்பதையும், இரண்டு வகைப் பீர்க்கை அருகருகே வளர்த்தால் விதை கலந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தருகிறோம். இவற்றைக் கற்றுக்கொண்டவர் அந்த விதையை மறுபடி எங்களிடம் வாங்க வேண்டியதில்லை. கணக்கு மட்டும் பார்க்கிறவருக்கு இது இழப்பாகத் தோன்றும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் உழவர்களுக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதையைக் கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரக் கேட்டார்கள். அது வணிகம் அன்று. 2018இல் அவர் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்த பெரும்பணி. என்றாலும், விதையைக் கொடுப்பவர் அது பெருகுவதைத் தடுக்கக்கூடாது என்ற நெறியை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். சேமிக்கத் தெரிந்தவர்கள் தோட்டத்தைக் கைவிடுவது அரிது. அவர்கள் புது ரகங்களைத் தேடி வருகிறார்கள், அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வருகிறார்கள்.

வருமானம் எங்கிருந்து என்று கேட்கலாம். விதையில் கிடைப்பது சொற்பம். வளர்ப்புப் பைகள், உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், மண்புழு உரம் ஆகியவற்றில்தான் கடை நிற்கிறது. நேரில் வந்து தோட்டம் அமைத்துத் தருவதற்குக் கட்டணம் உண்டு, அதைக் குறைப்பதில்லை. தள்ளுபடி விற்பனையும் நடத்துவதில்லை, ஏனெனில் விலைக்காக வந்தவர் அடுத்த தள்ளுபடிக்கு வேறு கடைக்குப் போய்விடுவார்.

ஆடிப் பட்டம் நெருங்கும்போது கேள்விகள் குவியும். ஆனி பிறந்ததும் அவற்றுக்குப் பதில் எழுதுவதற்கென்றே, தோட்டம் வளர்த்துப் பழகிய ஒருவரைக் கூடுதலாக அமர்த்துகிறோம். அவருடைய சம்பளத்தை விளம்பரச் செலவில் சேர்க்காமல், விதைக் கொள்முதலோடு சேர்த்தே எழுதிவருகிறேன்.